விமானம் பார்க்க ஒரு ராத்தங்கல்

தலைக்கு மேலே விமானம் போகும்போது அண்ணாந்து பார்க்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா, சொல்லுங்கள்! பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, மரக்கிளைகளின் இடுக்கில் அது வெள்ளிக் கம்பியாய் ஓடி மறையும்வரை பார்த்த நாள்கள் உங்களுக்கும் இருக்கும். சத்தம் ஒரு பக்கம் கேட்கும், விமானம் அங்கே இருக்காது. சத்தத்துக்கு முன்னால் தேட வேண்டும் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தராமலே நாம் தெரிந்துகொண்டோம்.

ஜொகூர்க்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இரட்டிப்பு. செனாயில் 1974-இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரத்தில் அமைந்த அந்த நிலையத்தின் ஓடுபாதை இன்றைக்கு 3,800 மீட்டர் நீளம். அக்கரையில் சிங்கப்பூர்க்காரர்கள் 1981 ஜூலையில் சாங்கியைத் திறந்தார்கள். வடக்கேயிருந்து சாங்கிக்கு இறங்கும் விமானங்கள் நம் கோத்தா திங்கி மாவட்டத்துக்கு மேலாகத்தான் தாழ்ந்து போகின்றன. ஊர் அவர்களுடையது, வானம் நம்முடையது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இத்தனை காலமும் நாம் பார்த்ததெல்லாம் விமானத்தின் அடிவயிற்றைத்தான்!

சரி, காலம் மாறிவிட்டது, இப்போது நாமும் விமானத்தில் போகிறோமே என்பீர்கள். போகிறோம், வாஸ்தவம். ஆனால் போகிறவர்கள்கூட விமானத்தைப் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் வெயிலில் நடந்துபோய், விமானத்தின் பக்கத்தில் நின்று, படியேறி உள்ளே போவார்கள். இப்போது பெரிய நிலையங்களில் கூடத்திலிருந்தே ஒரு குழாய்ப் பாலம் விமானத்தின் வாசலில் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. அதற்குள் நடந்தால் அறையிலிருந்து அறைக்குப் போவதுபோல விமானத்துக்குள் போய்விடுகிறோம். உட்காரும் இடம் நடுவில் அமைந்துவிட்டால் தீர்ந்தது கதை.

கூலாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருஷம் பால் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். தகப்பனார் பிறந்த ஊரைப் பார்க்கத் திருச்சிக்குப் போய்வந்தார். போகும்போது நடு இருக்கை. வரும்போது வழியில் ஒரு நிலையத்தில் எட்டு மணி நேரக் காத்திருப்பு. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்ததில் இரண்டு காலும் வீங்கிவிட்டன. "ஏரோப்ளேன் எப்படி இருந்தது பாட்டி?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "நான் எங்கடா பார்த்தேன்? பஸ்ஸு மாதிரி இருந்துச்சு."

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சின்ன வயசு முதல் அண்ணாந்து பார்த்த ஒன்றின் உள்ளேயே உட்கார்ந்து வந்தும் அதைக் காணாமல் திரும்பினார் அந்த அம்மா. அவர் அந்த எட்டு மணி நேரத்தை நாற்காலியில் கழிக்காமல், ஓடுபாதையைப் பார்த்த ஓர் ஓட்டல் அறையில், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கழித்திருந்தால்?

"காசைக் கொடுத்து ஓட்டலில் படுத்து விமானம் பார்ப்பதா? காசு கொழுத்தவன் வேலை!" என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். பயணத்தின் நடுவே தங்குவது நம் குடும்பங்களுக்குப் புதிய சங்கதி அல்ல.

நம்மவர்களின் பழைய இடைத்தங்கல்

நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியபோது அவர்களுக்கும் இடைத்தங்கல் இருந்தது. ஊரிலிருந்து கிளம்பியவர்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டிப்போக்களில் அடைத்து வைத்தார்கள். பேர் பதிவு, டாக்டர் சோதனை, பிறகு கப்பல். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா'வைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம் இருக்காது. மேல்தட்டில் பாய் விரித்து, ஏழெட்டு நாள் வாந்தியும் மயக்கமுமாய் வந்து சேர்ந்தவர்களை உடனே இறங்கி நடக்க விட்டார்களா? அதுவும் இல்லை. பினாங்குக்கு வந்தவர்களை ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூருக்கு வந்தவர்களை செயின்ட் ஜோன்ஸ் தீவிலும் நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்தினார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அப்படி ஒரு முகாம் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் புது நாடு, இந்தப் பக்கம் கஞ்சி வரிசை. அதுதான் நம் குடும்பங்கள் கண்ட முதல் இடைத்தங்கல்.

'ரஜுலா' 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. பின்னால் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போக நமக்கு இருக்கும் ஒரே வழி வானம்தான். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரச் சொச்சம். தாத்தா ஏழெட்டு நாளில் கடந்ததைப் பேரன் ஒரு தூக்கத்தில் கடந்துவிடுகிறான்.

பயத்தோடு பார்த்த வானம்

எல்லாக் காலத்திலும் நாம் வானத்தை ஆசையோடு பார்த்ததில்லை. 1942 ஜனவரியில் ஜப்பான்காரன் ஜொகூருக்குள் நுழைந்தபோது, விமானச் சத்தம் கேட்டால் மரத்தடியில் குப்புறப் படுத்தவர்கள் நம் பெரியவர்கள். குளுவாங்கில் வெள்ளைக்காரன் போட்டிருந்த விமானத் தளத்தைப் பிடித்து, அங்கிருந்தே சிங்கப்பூர்மேல் குண்டு போடக் கிளம்பினான் ஜப்பான்காரன். அந்தக் குளுவாங்கில் இன்றைக்கு நம் நாட்டு ராணுவத்தின் விமானப் படைப்பிரிவு இருக்கிறது.

சண்டை முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948-இல் அவசரகாலம் வந்தது. அப்போது குண்டுக்குப் பதில் காகிதம் விழுந்தது. காட்டுக்குள் இருப்பவர்களைச் சரணடையச் சொல்லும் துண்டறிக்கைகளை விமானத்திலிருந்து லட்சக்கணக்கில் கொட்டினார்கள். ஒலிபெருக்கி பொருத்திய 'பேசும் விமானங்கள்' காட்டுக்கு மேலே வட்டமிட்டன. மரத்துக்கு மேலிருந்து மனிதக்குரல் கேட்டால் எப்படியிருக்கும்! உங்கள் வீட்டில் அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். நான் எழுதுவதைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

கையசைத்த மாடம்

ஆசையோடு பார்க்கும் காலம் அதற்குப் பிறகு வந்தது. 1965-இல் சுபாங் விமான நிலையம் திறந்தபோது அதில் வழியனுப்புகிறவர்களுக்கென்றே ஒரு மாடம் வைத்தார்கள். சிங்கப்பூரின் பாயா லேபாரிலும் அப்படி ஒன்று உண்டு. டிக்கெட் வேண்டாம், உறவுக்காரர் பறக்க வேண்டும் என்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசி அழைத்துப்போய், யார் என்றே தெரியாதவர்களுக்குக் கையசைத்துவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ! விமான நிலையம் அன்று ஏழைகளுக்கும் ஒரு பூங்காவாக இருந்தது. இப்போது பெரும்பாலான நிலையங்களில் கண்ணாடியும் காவலும்தான். அந்த மாடம் போனதில் எனக்கு வருத்தம்தான்.

கையசைத்தவர்கள் கலங்கியதும் உண்டு. 1977 டிசம்பர் 4-ஆம் தேதி பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசிய விமானம் நடுவானில் கடத்தப்பட்டு, சிங்கப்பூரை நோக்கித் திரும்பி, நம் ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 100 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஜொகூர் பாருவில் ஜாலான் கெபுன் தேயில் அவர்களை ஒன்றாக அடக்கம் செய்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. 'தேயிலைத் தோட்டச் சாலை' என்பது அந்தப் பெயரின் பொருள். அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.

அதே டிசம்பரில்தான் ஒலியை மிஞ்சிப் பறக்கும் 'கான்கார்ட்' லண்டனிலிருந்து பஹ்ரேன் வழியாகச் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது. மூன்றே நடை போய்வந்தது. மலாக்கா நீரிணைக்கு மேல் அந்த வேகத்தில் பறந்தால் எழும் வெடிச் சத்தத்தை நம் அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, சேவை நின்றது. 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி 1980-இல் ஒரேயடியாய் முடிந்தது. அதைக் கண்ணால் கண்ட ஜொகூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

1998 ஜூன் மாதம் சிப்பாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையம் திறந்தது. நூறு சதுரக் கிலோமீட்டர் நிலம். அதில் பெரும்பங்கு செம்பனைத் தோட்டங்களாக இருந்த மண். அங்கே குலை வெட்டியவர்களும் உதிரி பொறுக்கியவர்களும் லயங்களைக் காலி செய்துகொண்டு வேறு இடம் போனார்கள். இன்று அங்கே இறங்கும்போது ஜன்னல் வழியே தெரியும் செம்பனை வரிசைகள் மிச்சம் மீதி. நம்மவர்கள் வேர்வை சிந்திய நிலத்தில் உலகத்து விமானமெல்லாம் வந்து இறங்குகிறது. அதை உட்கார்ந்து பார்க்கும் உரிமை நமக்கு இல்லையென்றால் யாருக்கு உண்டு?

ஜன்னல் பக்கம் கேட்டு வாங்குங்கள்

இனி காரியத்துக்கு வருவோம். ஜொகூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்த ராத்தங்கல் இரண்டு விதமாக வாய்க்கும்.

ஒன்று, சாங்கியிலிருந்து விடிகாலை விமானம் ஏறுகிறவர்கள். பாலத்தில் நெரிசல் எப்படி என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையிலும் தீபாவளி சமயத்திலும் குடிநுழைவு வரிசையில் நின்றே விமானத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் மாலையே கடந்துபோய் நிலையத்தின் ஓட்டலில் தங்கிவிட்டால் அந்தப் பயம் இல்லை. வயதானவர்களை நடுச்சாமத்தில் எழுப்பி வேனில் ஏற்ற வேண்டிய தொல்லையும் இல்லை.

சாங்கியில் மூன்றாம் முனையத்தை ஒட்டி 2008 முதல் இருக்கிறது 'கிரவுன் பிளாசா' ஓட்டல். முனையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஓடுபாதை தெரியும் அறைகளைத் தனி வகையாகவே அங்கே வாடகைக்கு விடுகிறார்கள். விலை மலிவல்ல, ஒளிப்பதற்கில்லை. விலை நாளுக்கு நாள் மாறும். வார நடுவில் குறைவாக இருப்பதுண்டு. அறை எடுக்கும்போது "ஓடுபாதை பக்கம் வேண்டும், உயர்ந்த மாடியில் வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். விமான நிலைய ஓட்டல் என்றால் எல்லா ஜன்னலிலும் விமானம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறைக்கும் அதே பெயர்தான்.

இரண்டாவது, செனாயிலிருந்து சிப்பாங் போய் அங்கே விமானம் மாறுகிறவர்கள், அல்லது கொழும்பு வழியாகப் போகிறவர்கள். சிப்பாங்கில் முனையங்கள் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்க முடியாது, ரயிலில் போக வேண்டும். டிக்கெட் ஒரே சீட்டாக இருந்தால் பெட்டி தானாகவே போய்ச் சேரும் வசதி உண்டு. தனித்தனியாக வாங்கியிருந்தால் பெட்டியை எடுத்து, குடிநுழைவைக் கடந்து, மறுபடி போட வேண்டும். அப்போது எட்டு மணி நேரம் என்பது கையில் ஐந்து மணி நேரம்தான். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அறை எடுங்கள்.

இன்னொரு விவரம். சில ஓட்டல்கள் குடிநுழைவுச் சோதனைக்கு உள்ளேயும் சில வெளியேயும் இருக்கும். சாங்கியில் நான் சொன்னது வெளியே உள்ளது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை, வருகை அட்டையை மின்வழி முன்கூட்டி நிரப்பினால் போதும். ஆனால் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் நம் முதியோர் பலர் இருக்கிறார்களே, அவர்களுக்கு விதி வேறு. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே குடிநுழைவுத் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போட்டு டிக்கெட் வாங்கிவிட்டு முகப்பில் திருப்பி அனுப்பப்படுவது பெரிய வேதனை.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடங்களும் உண்டு. சிப்பாங்கின் இரண்டாம் முனையத்தில் மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று 'கேப்சூல்' அறைகள் தருகிறார்கள். அலமாரித் தட்டு மாதிரியான படுக்கை. முதுகை நீட்ட நல்லது, விமானம் பார்க்க உதவாது.

வெளிநாட்டிலும் இந்த ஆசை பெரிய வியாபாரம். நியூயார்க் கென்னடி நிலையத்தில் 1962-இல் கட்டிய பழைய முனையமொன்றை 2019-இல் 512 அறைகள் கொண்ட ஓட்டலாக மாற்றினார்கள். மொட்டை மாடியில் நீச்சல் குளம், குளத்துக்கு முன்னால் ஓடுபாதை. அதன் அறை ஜன்னல் கண்ணாடி நாலரை அங்குலத் தடிப்பு!

கண்ணாடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு இதில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது: சத்தம் கேட்காது. தோட்டத்தில் நமக்கு முதலில் வருவது சத்தம்தானே? இங்கே அவ்வளவு பெரிய விமானம் ஊமைப் படம்போல எழும்பிப் போகும். முதலில் சப்பென்று இருக்கும். அரை மணி நேரம் போனால் பழகிவிடும்.

எதைப் பார்ப்பது?

சும்மா பார்த்தாலும் அழகுதான். விவரம் தெரிந்து பார்த்தால் இரவு போவதே தெரியாது.

முதலில் ஓடுபாதையின் எண்கள். இரு முனைகளிலும் பெரிய எழுத்தில் எண் போட்டிருக்கும். செனாயில் ஒரு முனை 16, மறுமுனை 34. சாங்கியில் 02, 20. திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்த எண் அது. வடக்கு 36, கிழக்கு 9, தெற்கு 18, மேற்கு 27. ஆகவே 02 என்றால் வடக்கிலிருந்து சற்றே கிழக்கே சாய்ந்த திசை. இரண்டு முனைகளுக்கும் எப்போதும் 18 வித்தியாசம் இருக்கும். பிள்ளைகளைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். பட்டம் விட்ட பையனுக்கு இது புரியும். காற்றுக்கு எதிரே ஓடினால்தானே பட்டம் எழும்பும்? நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று. அப்போது சாங்கி விமானங்கள் பெரும்பாலும் வடக்கே பார்த்துக் கிளம்பும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடித்தால் தெற்கே பார்த்துக் கிளம்பும், இறங்குபவை வடக்கேயிருந்து வரும். கோத்தா திங்கிப் பக்கத்தில் சில மாதங்களில் விமானம் தாழ்ந்தும் சில மாதங்களில் வேறு மாதிரியும் போவதைக் கண்டு 'ரூட்டை மாற்றிட்டான்' என்பார்கள் பெரியவர்கள். மாற்றியது காற்று.

இறங்கும் விமானம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 52 மீட்டர் வீதம் தாழும். ஓடுபாதைக்குப் பத்துக் கிலோமீட்டர் இருக்கும்போது ஏறத்தாழ 520 மீட்டர் உயரம். உங்கள் லயம் நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால், தலைக்கு மேல் போகிற விமானத்தின் உயரத்தை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

இரவில் விளக்குகளைப் பாருங்கள். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. உங்களுக்கு வலப்பக்கம் சிவப்பும் இடப்பக்கம் பச்சையும் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் விலகிப் போகிறது. வால்பக்கம் வெள்ளை. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அன்றிரவு தூங்காது, நான் பொறுப்பல்ல.

உடம்பில் எழுதியிருக்கும் எழுத்துகள் விமானத்தின் நம்பர் பிளேட். மலேசிய விமானம் '9எம்' என்று தொடங்கும், சிங்கப்பூருடையது '9வி', இந்தியாவுடையது 'விடி', இலங்கையுடையது '4ஆர்'. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் உங்களைத் தொல்லை செய்யமாட்டார்கள்.

பெரிய விமானத்துக்காகக் காத்திருங்கள். இரண்டு தட்டுள்ள ஏர்பஸ் ஏ380 பயணிகளோடு முதல் நடை கிளம்பியது சாங்கியிலிருந்துதான், 2007 அக்டோபர் 25-ஆம் தேதி, சிட்னிக்கு. ஆளும் எண்ணெயும் நிரம்பினால் அதன் எடை சுமார் 575 டன். பத்து டன் குலை ஏற்றும் லாரிகள் ஐம்பத்தேழை ஒன்றாகக் கட்டித் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது நகரத் தொடங்கும்போது இறக்கைகள் தொங்கினாற்போல இருக்கும். வேகம் ஏற ஏற நுனி மேலே வளையும். பாரத்தை உடம்பிலிருந்து இறக்கை வாங்கிக்கொள்கிற கணம் அது. சக்கரம் தரையை விடுவதைவிட இதைத்தான் நான் விரும்பிப் பார்ப்பேன்.

நள்ளிரவை ஒட்டித்தான் சாங்கியில் பெரிய கூட்டம். ஐரோப்பா போகும் விமானங்கள் அப்போது வரிசையாகக் கிளம்பும். பதின்மூன்று மணி நேரம் பறந்தாலும், அங்கே கடிகாரம் ஏழெட்டு மணி பின்னால் ஓடுவதால், விடியும் நேரத்தில் போய் இறங்கும். அதற்காகவே அந்த நேரம்.

காசு தோதுப்படவில்லையா?

ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாது என்பவர்கள் மனம் தளர வேண்டாம். செனாய் நிலையம் நம் வீட்டு வாசல். விமானங்கள் சாங்கியைப் போல நிமிஷத்துக்கு ஒன்று வராது. வரும் நேரத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொண்டு போனால் வீணாகாது. சாங்கிக் கடற்கரைப் பூங்காவில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால், இறங்கும் விமானம் தலையைத் தொடுகிறாற்போலப் போகும். அங்கே கண்ணாடி கிடையாது, சத்தமெல்லாம் உங்களுக்கே. சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டு மாலையில் பாலம் ஏறிவிடலாம். பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

ஆனால் வயதானவர்களை மணலில் உட்காரவைத்துவிட்டு வராதீர்கள். பயணம் என்று ஒன்று அமைந்து, நடுவில் ஓர் இரவும் வாய்த்தால், ஊருக்கு வாங்கிப்போகும் பொருள்களில் ஒரு பெட்டியைக் குறைத்தாவது அவர்களுக்கு ஜன்னல் அறை எடுங்கள். ஊரில் யாரும் நம் போர்வைக்கும் பால்மாவுக்கும் காத்திருக்கவில்லை. அவையெல்லாம் இப்போது திருச்சிக் கடைகளிலேயே கிடைக்கின்றன!

சில எச்சரிக்கைகள். ராணுவ விமானத்தையோ அதன் தளத்தையோ படம் எடுக்காதீர்கள், குறித்து வைக்கவும் வேண்டாம். சாங்கியை ஒட்டி ராணுவத் தளமும் இருக்கிறது. 2001-இல் கிரேக்க நாட்டில் விமானத்தளம் ஒன்றில் குறிப்பெடுத்த வெள்ளைக்காரர்கள் பதினான்கு பேரை உளவாளிகள் என்று பிடித்து உள்ளே வைத்தார்கள். அடுத்த வருஷம் மேல்முறையீட்டில்தான் அவர்கள் தப்பினார்கள். வேலிக்குப் பின்னால் நின்று விமானக் காற்றை வாங்குவதும் விளையாட்டல்ல. மேற்கிந்தியத் தீவான சென் மார்ட்டினில் கடற்கரையை ஒட்டிய ஓடுபாதையில் 2017-இல் அப்படி நின்ற ஒரு பெண்மணியை அந்தக் காற்றே தூக்கி எறிந்து கொன்றது. நிலையத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் பிள்ளைகளைப் பட்டமும் டிரோனும் விடவிடாதீர்கள்.

அறைக்குப் போனதும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உள்விளக்கை அணையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். பெரியவரின் நாற்காலியை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போடுங்கள், காலுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். மருந்து வேளையை மறக்க வேண்டாம். அவர் பத்து மணிக்கே தூங்கிவிட்டாலும் பாதகமில்லை. ஐந்து மணிக்கு எழுப்பிவிடுங்கள். தூர தேசத்திலிருந்து ராத்திரியெல்லாம் பறந்து வந்தவை விடியுமுன்னே ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். வானம் வெளுக்கிற அந்த நேரத்தில் முதலில் விளக்கு மட்டும் தெரியும், பிறகுதான் விமானம்.